கல்கத்தாவில் கேட்டது, கார்டிஃபில் நடந்தது

நம் ஏரியாவில் விளையாட்டுப் பேச்சு என்றால் அது கிரிக்கெட்டில் தொடங்கி கிரிக்கெட்டிலேயே முடியும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் நண்பர்களிடம், "இந்த மாதம் ரக்பி பற்றி எழுதப் போகிறேன்" என்றேன். "அமெரிக்காக்காரன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்வானே, அதுதானே சார்?" என்றார் ஒருவர். அது வேறு. ரக்பியில் ஹெல்மெட் கிடையாது. முட்டல் மோதல் மட்டும் உண்டு.

அறியாதவர்களுக்காக நாலு வரி. ஒரு அணிக்கு 15 பேர். பந்து உருண்டை இல்லை, முட்டை வடிவம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கொடுக்க வேண்டும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். இன்று அதற்கு 5 புள்ளி. ஆரம்ப காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். 'முயற்சி' என்ற பொருளில் அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

எனக்கு இதில் எப்படி ஈடுபாடு என்று கேட்பீர்கள். நான் பிறந்து படித்தது புதுச்சேரியில். பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சு மொழியில். வாத்தியார்களில் ஒருவர் பிரான்சின் தென்மேற்குப் பக்கத்துக்காரர். துலூஸ், பெர்ப்பிஞான், பியாரிட்ஸ் என்று அவர் சொல்லும் ஊர்களெல்லாம் ரக்பி ஊர்கள். அந்தப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்தான் திங்கட்கிழமைப் பேச்சு. பிரெஞ்சில் ரக்பி உலகத்துக்கே 'ஓவாலி' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. முட்டைப் பந்தின் தேசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சென்னைக்கு வந்து, கணக்குப் பார்க்கும் அரசாங்க வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கழிந்தது. ஆனாலும் அந்தப் பழைய ருசி போகவில்லை.

இன்று சொல்லப் போவது நாடுகளுக்கு இடையே நடக்கும் போட்டியைப் பற்றி அல்ல, கிளப்புகளுக்கு இடையே நடக்கும் போட்டியைப் பற்றி. வித்தியாசம் நம் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். இந்தியா ஜெயித்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் காலத்தில் மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்பும் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பும் மோதினால் அந்தச் சூடே தனி. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு கட்சி பிரியும். அந்தச் சூட்டைக் கண்டு பயந்த சில பெரிய மனிதர்களைப் பற்றியதுதான் இந்தக் கதை. அது தொடங்குவது லண்டனில் அல்ல, நம் கல்கத்தாவில்.

கல்கத்தா கிளப்பின் கடைசிக் கணக்கு

1872-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் நாள். கல்கத்தாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி ஆட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். அன்றைய வழக்கப்படி பக்கத்துக்கு 20 பேர். பிறந்த இடத்தை வைத்து அணி பிரித்த ஆட்டம். நம் சேப்பாக்கத்தில் பிற்காலத்தில் பொங்கல் சமயத்தில் வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் ஆடிய பிரசிடென்சி மேட்ச் மாதிரி. பிடித்துப்போய், ஒரே வாரத்தில் மறுபடியும் ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. மறு வருஷமே லண்டனில் உள்ள ரக்பி ஃபுட்பால் யூனியனில் உறுப்பினர் ஆனது. அந்த யூனியனுக்கே அப்போது மூன்று வயதுதான்.

கிளப் நீடிக்கவில்லை. கல்கத்தாவின் வெயிலும் புழுக்கமும் ரக்பிக்கு ஒத்துவரவில்லை. டென்னிஸும் போலோவும் அந்த ஊருக்குப் பொருத்தம் என்று பலர் ஒதுங்கினார்கள். ஆட ஆள் கொடுத்துவந்த ராணுவப் படைப்பிரிவு ஒன்று ஊரைவிட்டு மாறிப்போனது. எல்லாவற்றுக்கும் மேல், கிளப்பில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த மதுவை நிறுத்தினார்கள். அதோடு உறுப்பினர் எண்ணிக்கை நன்றாகவே இறங்கிவிட்டது. மனித சுபாவம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

1877 கடைசியில் கிளப்பை மூடுவது என்று முடிவானது. ஜி.ஏ. ஜேம்ஸ் ராத்னி என்பவர்தான் கேப்டன், அவரே செயலாளர், அவரே பொருளாளர். வங்கியில் பணம் மிச்சம் இருந்தது. சங்கம் மூடும்போது மிச்சப் பணம் என்ன ஆகும் என்பது கணக்குத் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு விருந்து நடக்கும். அல்லது இருக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அல்லது கணக்குப் புத்தகமே காணாமல் போகும். ராத்னி இது மூன்றும் நடக்க விடவில்லை. பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே வங்கியிலிருந்து எடுத்தார்கள். அந்த ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்யக் கொடுத்தார்கள்.

செய்தவர்கள் நம் நாட்டுக் கைவினைஞர்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் நிற்கவில்லை, கைவேலை நிற்கிறது. சுமார் 18 அங்குல உயரம். உடல் முழுக்க நுணுக்கமான செதுக்கு வேலை. கைப்பிடிகள் மூன்று, மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின் உச்சியில் அம்பாரியோடு ஒரு யானை. வைஸ்ராயின் யானையைப் பார்த்துச் செய்தது என்பார்கள்.

இந்த இடத்தில் மயிலாப்பூர்க்காரன் ஒரு நிமிஷம் நின்றுதான் போக வேண்டும். 1877 என்றால் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் முடியாத நேரம். சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய்ப் பக்கமும் காய்ந்து, 50 லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள் என்பது பொதுவான கணக்கு. நிவாரண வேலை என்று மண் வெட்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தது அந்த வருஷம்தான். திருமயிலை, மந்தைவெளி ஸ்டேஷன்களில் பறக்கும் ரயிலிலிருந்து இறங்கும்போது கீழே கறுப்பாக ஓடுகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு ஆளின் பதினாறு நாள் ரொக்கக் கூலி ஒரு வெள்ளி ரூபாய். அப்படிப்பட்ட ரூபாய்கள்தான் அங்கே உருக்கப்பட்டன.

ராத்னியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கையில் இருந்தது கிளப் பணம். அதைக் கிளப்பின் நோக்கத்துக்கே செலவழித்தார். பொருளாளரின் கடமை அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தைப் பற்றிப் படிக்கும்போது அதன் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

கடிதத்தில் இருந்த ஒரு வார்த்தை

1877 டிசம்பர் 20-ஆம் தேதி ராத்னி லண்டன் யூனியனுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: எங்கள் கிளப் முடிகிறது. மிச்சப் பணத்தில் ஒரு கோப்பை செய்து தர விரும்புகிறோம். கால்பந்துக்காரர்களின் சங்கக் கோப்பை போல் வருஷா வருஷம் இதற்குப் போட்டி நடக்கட்டும். அல்லது ரக்பியை வளர்க்க உங்கள் கமிட்டிக்கு எது சிறந்த வழி என்று படுகிறதோ, அப்படிச் செய்யுங்கள்.

கால்பந்து சங்கக் கோப்பை என்பது 1871-72-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. எந்த ஊர்க் கிளப்பும் சேரலாம், தோற்றால் வெளியே, கடைசியில் நிற்பவருக்குக் கோப்பை. ஆக, கல்கத்தாக்காரர்கள் மனதில் முதலில் இருந்தது கிளப்புகளுக்கான போட்டிதான்.

யூனியன் 1878-ல் கோப்பையை நன்றியோடு வாங்கிக்கொண்டது. போட்டியை மட்டும் வேண்டாம் என்றது. கிளப்புகள் கோப்பைக்காக மோதினால் ஜெயிக்கிற வெறி வரும். வெறி வந்தால் அடிதடி வரும். அதன் பின்னாலேயே காசும் வரும். கனவான்களின் ஆட்டம் கெட்டுவிடும் என்பது அவர்கள் எண்ணம். கோப்பையை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடக்கும் வருடாந்திர ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். 1879 மார்ச் 10-ஆம் தேதி எடின்பரோவில் அதற்கான முதல் ஆட்டம் நடந்து, சமநிலையில் முடிந்தது. மறு வருஷம் இங்கிலாந்து ஜெயித்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் கொரோனாவுக்கும் முன்பும் பின்பும் அந்த ஆட்டம் எத்தனையோ மாற்றங்களைப் பார்த்துவிட்டது. அதற்குப் பெயர் இன்றும் 'கல்கத்தா கோப்பை'தான். ஊரே தன் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிக்கொண்ட பிறகும் கோப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

கொடுத்தவர் கேட்டது ஒன்று, வாங்கியவர் செய்தது ஒன்று. இது சரியா?

நம் கோயில்களில் 'கட்டளை' என்று ஒன்று உண்டு. இன்ன நாள் மண்டகப்படி இன்ன குடும்பத்துடையது, இன்ன நிலத்தின் வருமானம் இன்ன பூஜைக்கு என்று எழுதி வைத்திருக்கும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்து, விளக்கு சூரிய சந்திரர் உள்ளவரை எரிய வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். விளக்குக்குக் கொடுத்ததை வேறு செலவுக்கு எடுக்கக்கூடாது. அந்தக் கண்ணோடு பார்த்தால் லண்டன்காரர்கள் செய்தது கட்டளையை மாற்றியது போலத்தான் தெரியும்.

ஆனால் கணக்குப் பார்த்த கண் இன்னொன்றையும் பார்க்கிறது. ராத்னியின் கடிதத்தில் ஓர் 'அல்லது' இருக்கிறது. கமிட்டிக்குச் சிறந்தது என்று படும் வேறு எந்த வழியிலும் என்று அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தை இருக்கும்வரை எந்தத் தணிக்கையாளரும் ஆட்சேபக் குறிப்பு எழுத முடியாது. கொடுப்பவர்கள் பெருந்தன்மையாக எழுதும் 'அல்லது'தான் பிறகு வாங்குபவர்களுக்கு வசதியாகப் போகிறது. உயில் எழுதும் வயதில் இருக்கும் நமக்கெல்லாம் இது ஒரு பாடம்.

பயமும் பலனும்

அந்தப் பயம் முழுக்கக் கற்பனையும் இல்லை. அதே 1877-ல் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கிளப்புகளுக்கு ஒரு வட்டாரக் கோப்பை தொடங்கினார்கள். கூட்டம் அலைமோதியது. நுழைவுச் சீட்டுப் பணம் குவிந்தது. ஆடியவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை மேட்சுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். நம் ஆபீஸ் மொழியில் சொன்னால் சம்பளமில்லா விடுப்பு. "அந்தக் கூலியையாவது ஈடு செய்து கொடுங்கள்" என்று வடக்கத்தியக் கிளப்புகள் கேட்டன. நிலமும் வாடகை வருமானமும் இருந்த தெற்கத்தியக் கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கத்தியக் கிளப்புகள் பிரிந்துபோயின. அப்படிப் பிறந்ததுதான் 13 பேர் ஆடும் 'ரக்பி லீக்'. தாய் வீட்டில் இருந்துவிட்டது 'ரக்பி யூனியன்'. பங்காளிச் சண்டை, நூறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பயத்தை வைத்துக்கொள்ளவில்லை. 1892 மார்ச் 20 அன்று பாரிசில் முதல் கிளப் சாம்பியன் ஆட்டம் நடத்திவிட்டார்கள். ஆடியதே இரண்டு கிளப். ராசிங், ஸ்தாத் பிரான்சே. 4-3 என்று ராசிங் ஜெயித்தது. நடுவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பியேர் தெ குபெர்த்தன். பரிசு கோப்பை அல்ல, ஒரு கேடயம். பிரென்னுஸ் கேடயம் என்று இன்றும் அதற்காக ஊருக்கு ஊர் மோதிக்கொள்கிறார்கள். கிளப் வெறியும் ரகசியமாகக் காசு கொடுப்பதும் அங்கே எல்லை மீறிவிட்டது என்று சொல்லி 1931-ல் பிரிட்டிஷ் நாடுகள் பிரான்சோடு ஆடுவதையே நிறுத்தின. 1947-ல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் நாடு தழுவிய கிளப் கோப்பை ரக்பியில் எப்போது வந்தது என்று பாருங்கள்: 1971-72. கால்பந்துக்கு வந்து சரியாக நூறு வருஷம் கழித்து.

நம் பக்கம் என்ன நடந்தது? கல்கத்தாவில் 1884-ல் கிரிக்கெட் கிளப்காரர்கள் ரக்பியை மறுபடி ஆரம்பித்தார்கள். 1890-ல் உள்ளூர்க் கிளப்புகளுக்கு என்றே ஒரு கோப்பை வைத்தார்கள். லண்டன் செய்ய மறுத்ததைக் கல்கத்தா தானே செய்துகொண்டது. கொழும்பில் முதல் ஆட்டம் 1879 ஜூனில். அங்கே கண்டி டிரினிட்டி, கிங்ஸ்வுட் பள்ளிகள் 1906-லேயே மோதின. இலங்கையில் இன்றும் பள்ளி ரக்பிக்குக் கூடும் கூட்டம் நம் ஊர் கிரிக்கெட் கூட்டத்துக்குக் குறைந்தது இல்லை. 1924 முதல் அகில இந்தியப் போட்டி நடந்து வருகிறது. சென்னையில் இந்த ஆட்டத்தின் வீடு தீவுத்திடலில் உள்ள ஜிம்கானா கிளப். இலங்கை அணிகளும் கடல் தாண்டி வந்து ஆடியது உண்டு. அதனால்தான் இன்று அந்தப் போட்டியின் பெயரில் தெற்காசியாவும் சேர்ந்திருக்கிறது. பல நாட்டுக் கிளப்புகள் ஒரு கோப்பைக்கு ஆடுவது என்ற எண்ணம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல.

ஐரோப்பாவின் கோப்பை

1995 ஆகஸ்ட் கடைசியில் பாரிசில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், இனி ஆடுபவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. 1895 ஆகஸ்ட் 29-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு வருஷம், மாசத்துக்கு மாசம் நூறு. கூலி கேட்டவர்களைத் துரத்திய ஆட்டம், நூறு வருஷம் கழித்துக் கூலியை ஏற்றது.

இரண்டே மாதத்தில், 1995 அக்டோபர் 31 அன்று, ருமேனியாவில் கருங்கடல் ஓரத்து கோன்ஸ்தான்ஸா ஊரில் ஐரோப்பியக் கிளப் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. துலூஸ் 54, உள்ளூர் ஃபாருல் கிளப் 10. முதல் வருஷம் 12 அணிகள். பிரான்ஸ், அயர்லாந்து, வேல்ஸ், இத்தாலி, ருமேனியா. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்த வருஷம் வரவில்லை. கல்கத்தா கோப்பையை வைத்திருந்த அதே இரண்டு நாடுகள்!

1996 ஜனவரி 7 அன்று கார்டிஃபில் இறுதி ஆட்டம். உள்ளூர் கார்டிஃப் அணியைக் கூடுதல் நேரத்தில் 21-18 என்று துலூஸ் வென்றது. கோப்பையை வாங்கிய கேப்டன் எமில் ந்தாமாக். கால் நூற்றாண்டு கழித்து 2021-லும் பிறகு 2024-லும் துலூஸ் ஜெயித்தபோது அந்த அணியில் அவர் மகன் ரோமேன் ஆடினார். ராத்னி கடிதம் எழுதி 118 வருஷம் கழித்து கார்டிஃபில் நடந்தது அவர் கேட்ட மாதிரியான ஆட்டம்தான். அதுவும் ஒரு நாட்டுக்குள் அல்ல, நாடுகள் தாண்டி.

கோப்பைக்குப் பெயர் கொடுத்தது ஹைனெகன் என்ற பீர் கம்பெனி. பிரான்சில் 1991 முதல் மது விளம்பரத்துக்கு எவேன் சட்டம் என்ற கடுமையான தடை இருக்கிறது. அதனால் அங்கே அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் 'எச் கோப்பை' என்றே அழைத்தார்கள். இலவச மது நின்றதால் கல்கத்தா கிளப் நின்றுபோனது. மதுக் காசில் ஐரோப்பியக் கோப்பை ஓடியது. ராத்னி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது சின்ன ஊர்கள். 1997-ல் ஜெயித்த பிரீவ், 50,000 பேர்கூட இல்லாத ஊர். இங்கிலாந்தின் பெரிய கிளப்பான லெஸ்டரை 28-9 என்று மடக்கியது. 1999-ல் டப்ளினில் அல்ஸ்டர் அணி ஜெயித்தது இன்னும் பெரிய விஷயம். அல்ஸ்டரின் பெரும்பகுதி வட அயர்லாந்து. முப்பது வருஷம் குண்டுவெடிப்பும் கொலையுமாக இருந்த இடம். சமாதான ஒப்பந்தம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த அணிக்காக தென் அயர்லாந்துத் தலைநகரில் ஊரே திரண்டு கத்தியது. காசுக்கும் வெறிக்கும் வழி என்று பயந்த கிளப் கோப்பை, அன்று இரண்டு பக்கத்தையும் ஒரே மைதானத்தில் ஒரே அணிக்காகக் கைதட்ட வைத்தது.

2006-ல் மன்ஸ்டர். 2000-லும் 2002-லும் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி. மூன்றாம் முறை கார்டிஃபில் பியாரிட்ஸோடு மல்லுக்கட்டும்போது, அவர்கள் ஊரான லிமெரிக்கின் தெருவில் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தை மைதானத்தின் பெரிய திரையில் காட்டினார்கள். 23-19 என்று ஜெயித்தது. 2011-ல் லெய்ன்ஸ்டர் பாதி ஆட்டத்தில் 6-22 என்று பின்தங்கி, முடிவில் 33-22 என்று ஜெயித்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

2014-ல் கிளப்புகள் சண்டை போட்டு நிர்வாகத்தை மாற்றின. பெயர் சாம்பியன்ஸ் கோப்பை ஆனது, அலுவலகம் டப்ளினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போனது. 2022-லிருந்து தென் ஆப்பிரிக்க அணிகளும் ஆடுகின்றன. 2025 வரை அதிக முறை ஜெயித்தது துலூஸ், ஆறு முறை. எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

யார் சொன்னது சரி?

பழைய லண்டன் கனவான்கள் பயந்தது நடந்ததா? பாதி நடந்தது. மூன்று முறை ஜெயித்த சாரசென்ஸ் கிளப், சம்பள உச்சவரம்பை மீறியதற்காக 2019-ல் தண்டிக்கப்பட்டு, கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. அதைவிட வருத்தம் வாஸ்ப்ஸ். 1867-ல் பிறந்த கிளப், கல்கத்தா கிளப்புக்கு மூத்தது. 2004-லும் 2007-லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2022 அக்டோபரில் கடனில் மூழ்கிக் கைதூக்கிவிட்டது. வேலை போனவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, ஆபீசில் இருந்த குமாஸ்தாக்களும்தான்.

ஆனாலும் கனவான்கள் செய்த தவறு ஒன்று உண்டு என்பது என் கருத்து. ஆபத்து இருக்கிறது என்பதற்காகப் போட்டியையே மறுத்தார்கள். ஆபத்தைக் கட்டுப்படுத்தும் கணக்கு வழக்கை உருவாக்கவில்லை. மூடிவைத்த ஆசை நூறு வருஷம் கழித்து ஒரே நாளில் திறந்தபோது, அதைத் தாங்கும் பழக்கம் கிளப்புகளுக்கு இல்லை. கல்கத்தா கிளப் ஐந்து வருஷமே வாழ்ந்தது. மூடும்போது கையில் இருப்பு வைத்து மூடியது. வாஸ்ப்ஸ் 155 வருஷம் வாழ்ந்து கடனோடு மூடியது. எத்தனை கோப்பை ஜெயித்தோம் என்பதோடு, கடைசிப் பக்கத்தில் என்ன எழுதினோம் என்பதும் ஒரு சங்கத்தின் சரித்திரம்தான்.

நம் ஊர்ச் சேதி ஒன்றும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் என்று முதன்முறையாக நடத்தினார்கள். ஆளுக்கு ஏழு பேர் ஆடும் குட்டி வடிவம். வெளிநாட்டு வீரர்களும் நம் பையன்களும் கலந்த ஆறு அணிகள். முதல் பட்டத்தை வென்றது சென்னை புல்ஸ். பூங்கா நண்பர்களில் ஒருவருக்குக்கூட இது தெரியவில்லை. இப்போது உங்களுக்குத் தெரியும்.

அசல் கல்கத்தா கோப்பை இன்று லண்டனுக்குப் பக்கத்தில் ட்விக்கன்ஹாமில் இருக்கிறது. 1988-ல் ஆட்டம் முடிந்த இரவு, இங்கிலாந்து வீரர் ஒருவரும் ஸ்காட்லாந்து வீரர் ஒருவரும் போதையில் அதைத் தூக்கிக்கொண்டு எடின்பரோ தெருவில் சுற்றி நசுக்கிவிட்டார்கள். பிறகு பழுது பார்த்தார்கள். கனவான்களின் ஆட்டத்திலும் அது நடந்தது. கிளப் வெறி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து ஆட்டம் டி.வி.யில் வந்தால், ஆட்டம் புரியாவிட்டாலும் கடைசிப் பத்து நிமிஷம் பாருங்கள். ஜெயித்த கேப்டன் தூக்கும்போது மூன்று நாகமும் அம்பாரி யானையும் தெரியும். அசல் கோப்பை நம் நாட்டு ரூபாய், நம் ஆட்களின் கைவேலை. பேரன் பேத்தி பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்.